வேலைக்கு நடுவே தவக்காலம்: ஒரு தையல்காரியின் குறிப்புகள்

ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் வந்தால்தான் என் கடையில் வேலை நெருக்கும். ஈஸ்டருக்குப் புதுத்துணி, அதன் பின்னால் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மைப் பிள்ளைகளுக்கு வெள்ளை கவுன், மே மாதக் கல்யாணங்களுக்கு பிளவுஸ் என்று துணிப்பைகள் அலமாரியில் இடம் போதாமல் தரைக்கு இறங்கிவிடும். தவக்காலத்தில் எங்கள் ஆட்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆனால் அதற்கு அப்புறம் நடக்கிற கல்யாணத்துக்கெல்லாம் தைப்பது இந்த நாட்களில்தான். மூன்று நாள் தியானத்துக்குப் போய் உட்காரக் கொடுத்துவைத்தவர்கள் போகட்டும். இது, காலையில் சோறு வடித்துவிட்டுக் கடை திறக்கிறவர்களுக்கும், ஷிப்டுக்கு ஓடுகிறவர்களுக்கும் எழுதுவது. தூத்துக்குடியில் நாங்கள் கத்தோலிக்கர்கள் அனுசரிக்கிற விதத்தை வைத்துச் சொல்கிறேன். சி.எஸ்.ஐ. சபையில் லெந்து நாட்கள் என்று அனுசரிக்கிறவர்களுக்கும் சட்டதிட்டம் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

முதலில் நாள் கணக்கு. திருநீற்றுப் புதன் தொடங்கி ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை எண்ணினால் 46 நாள் வரும். நடுவில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் 40. ஞாயிறு ஆண்டவர் உயிர்த்த நாள், அன்றைக்கு நோன்பு கிடையாது. 2027-இல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10, ஈஸ்டர் மார்ச் 28. இரண்டையும் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பலருக்குத் தவக்காலம் தொடங்கியதே முதல் வெள்ளிக்கிழமை, இயேசுவின் பாடுகளைத் தியானிக்கிற சிலுவைப்பாதைக்கு மணி அடிக்கும்போதுதான் தெரிகிறது.

திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு ஒரு சின்ன வேலை இருக்கிறது. போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்து வாங்கி வந்த ஓலை, வீட்டில் சுரூபத்துக்குப் பின்னாலோ நிலைப்படி மேலேயோ காய்ந்துபோய்ச் செருகியிருக்கும். அதை எடுத்துக் கோயிலில் கொடுத்துவிடுங்கள். அதை எரித்துத்தான் நெற்றியில் பூசுகிற சாம்பலை எடுக்கிறார்கள். ஓலையை எடுக்கும்போது அந்தச் சுரூபத்தையும் மாடத்தையும் துடைத்துவிட்டால், 40 நாளும் குடும்பம் சேர்ந்து செபிக்க ஒரு மூலை தயார்.

அன்றைக்கு ராத்திரியே என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். செபம், நோன்பு, தர்மம், மூன்றும் உண்டு. திருநீற்றுப் புதன் பூசையில் வாசிக்கிற மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் இயேசு மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார். பெரும்பாலும் நாம் செய்கிற கோளாறு, மூன்றையும் தனித்தனியாகத் தீர்மானிப்பது. கறி சாப்பிடுவதில்லை, அது நோன்பு. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் போகிறோம், அது செபம். கடைசி வாரம் உண்டியலில் நூறு ரூபாய், அது தர்மம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. நான் சொல்வது, முதலில் யாருக்குக் கொடுக்கப்போகிறோம் என்று ஒரு வீட்டை, ஒரு ஆளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். அப்புறம் எதை விட்டால் அந்தக் காசு சேரும் என்று யோசியுங்கள். செபத்தில் அந்த வீட்டுக்காரர்களின் பெயரைச் சொல்லுங்கள். தர்மத்திலிருந்து பின்னோக்கி நோன்புக்கு வந்தால் நோன்பு நிலைக்கும். இல்லாவிட்டால் அளவெடுக்காமல் வெட்டிய துணி மாதிரி, பாதியில் எங்கேயோ இழுக்கும்.

ஒரு கணக்கு. கடையில் ஒரு டீ 15 ரூபாய் என்று வையுங்கள். காலையிலும் சாயங்காலமும் குடிப்பதை நிறுத்தினால் நாளுக்கு 30 ரூபாய், 40 நாளுக்கு 1,200. மாதம் முழுக்க மறந்திருந்து கடைசியில் 1,200 ரூபாயை மொத்தமாக எடுத்து வைக்க எனக்குக் கை வராது. அதனால் அந்தந்த நாள் காசை அந்தந்த நாளே போட வேண்டும். நான் பட்டன் போட்டு வைக்கிற ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றைக் காலி செய்து தையல் மிஷின் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். டீக்காரத் தம்பி தூக்குச்சட்டியோடு வந்து நிற்கும்போதே 15 ரூபாய் உள்ளே போய்விடும். கூட வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு டீ வாங்கிக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. அது அவர்கள் டீ, நம் நோன்பில்லை.

சாப்பாடு

சட்டம் ரொம்பக் கொஞ்சம்தான். நோன்பு கட்டாயமான நாள் இரண்டே இரண்டு: திருநீற்றுப் புதன், புனித வெள்ளி. அன்றைக்கு ஒரு வேளை முழுச் சாப்பாடு, மற்ற இரண்டு வேளை சேர்ந்தாலும் ஒரு முழுச் சாப்பாட்டுக்குக் குறைவாக. 18 வயது நிறைந்தவர்களிலிருந்து 59 வயது நிறையும் வரை இது கடமை. அந்த இரண்டு நாளும் மற்ற வெள்ளிக்கிழமைகளும் கறி கிடையாது, அது 14 வயது நிறைந்த எல்லோருக்கும். 40 நாளும் கறியே எடுப்பதில்லை என்பது நம் வீடுகளின் வழக்கம், சட்டமில்லை. நல்ல வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகூட அடுப்பில் கறி ஏற்றாத வீடு உண்டு, ஏற்றுகிற வீடும் உண்டு. இதை வைத்து ஒரு வீட்டை இன்னொரு வீடு எடைபோட வேண்டாம்.

ஆனால் எங்கள் ஊரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கறிதான் கூடாது, மீன் கூடும். சரி, அதனால் வெள்ளிக்கிழமை காலையில் மீன் விற்கிற இடத்தில் போய்ப் பாருங்கள், சீலா மீன் துண்டுக்கும் விளமீனுக்கும் அடிதடி. ஆட்டுக்கறியைவிட ஆசையாகச் சாப்பிடுகிற ஒன்றை வாங்கி, மசாலா தடவி, பொரித்து வைத்துக்கொண்டு ஒறுத்தல் என்று சொன்னால் கேட்கிற ஆண்டவருக்கே சிரிப்பு வரும். கடலுக்குத் தள்ளி உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு, அதாவது இடியாப்பத்துக்கே கருவாடு தேடாதவர்களுக்கு, மீன் ஒருவேளை எளிய சாப்பாடாக இருக்கலாம். கடற்கரை ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை மீனையும் விட்டுவிடுவதுதான் நேர்மை. மனம் கேட்கவில்லையென்றால் சாளைக் குழம்பு வையுங்கள். அதிலும் ருசி இல்லாமலில்லை, காசாவது மிஞ்சும்.

நோன்பு நாளில் என்ன சாப்பிடுவது என்று கேட்கிறவர்களுக்கு: காலையில் ஒரு டம்ளர் மோர் அல்லது கஞ்சி, மதியம் வயிறு நிறையச் சோறும் ஒரு குழம்பும், ராத்திரி இரண்டு இட்லி. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். மார்ச் மாத வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மிஷின் மிதிப்பதோ மூட்டை தூக்குவதோ பக்தியில் சேராது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நோன்பிருக்க வேண்டியதில்லை. எங்கள் அத்தைக்குச் சுகர். வேளாவேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். இளவயதில் எல்லா வெள்ளிக்கிழமையும் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்தவர்களுக்கு இது பெரிய மனக்குறை. சாமியாரிடம் போய்க் கேட்டதற்கு, வாயைக் கட்ட வேண்டாம், கண்ணைக் கட்டுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தவக்காலத்தில் ராத்திரி சீரியல் கிடையாது. டிவி ஓடாத அந்த நேரத்தில் பேத்தியை உட்காரவைத்து நற்செய்தி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் கடினமான நோன்பு அதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் கெடுபிடி வேண்டாம். மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு நன்றாகச் சாப்பிட்டுப் படிப்பதே போதும். சின்னவர்கள் சாக்லேட், ஐஸ் காசை உண்டியலில் போடலாம், அதுவும் அவர்களாகக் கேட்டால்.

யார் சமைக்கிறது?

இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். வீட்டில் ஆண்கள் நோன்பு எடுக்கிறார்கள் என்றால் பெண்களுக்கு வேலை இரட்டிப்பாகிறது. கறி இல்லையே என்று மூன்று கூட்டு, அப்பளம், ஒரு பாயசம். வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு, ஏழு மணிக்குச் சிலுவைப்பாதை முடிந்து வரும்போது சுடச்சுடத் தோசை தயாராக இருக்க வேண்டும். தோசை சுடுகிறவள் சிலுவைப்பாதையின் 14 ஸ்தலத்தில் எந்த ஸ்தலத்தோடு பாதியில் எழுந்து வந்தாள் என்று யாரும் கேட்பதில்லை. ஒருவர் நோன்பிருந்து இன்னொருவருக்கு வேலை கூடினால், அந்தப் புண்ணியம் யார் கணக்கில் எழுதப்படும்?

ஆகவே வெள்ளிக்கிழமைக்கு ஒரே சமையல் என்று வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பயறு போட்ட கஞ்சியும் தேங்காய்த் துவையலும். காலையிலேயே குக்கரில் வைத்துவிட்டால் ராத்திரி சூடு பண்ணினால் போதும். எல்லோரும் அதையே சாப்பிட வேண்டும், எல்லோரும் அவரவர் தட்டைக் கழுவ வேண்டும். எங்கள் வீட்டில் அவர் சிகரெட்டை விடுவதாக வருடா வருடம் தீர்மானம் எடுப்பார். நான் கேட்டது வெள்ளிக்கிழமை பாத்திரம் தேய்க்க மட்டும். இரண்டாவது வாரத்தில் தெருக் குழாயடியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேலி பண்ண, இவர் அசரவில்லை. தவக்காலத்தின் ஒறுத்தல் இப்படிக் கொஞ்சம் கூச்சத்தையும் தின்ன வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

செபம்

நேரம் இல்லாதவர்கள் புதிய நேரத்தைத் தேடாதீர்கள், இருக்கிற நேரத்தில் நுழையுங்கள். கொக்கி தைப்பது, ஓரம் அடிப்பது, பஸ்ஸுக்கு நிற்பது எல்லாம் கை வேலையாகவோ கால் வேலையாகவோ இருக்கும், மனம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் ஜெபமாலை சொல்லலாம். செவ்வாயும் வெள்ளியும் இயேசுவின் பாடுகளை நினைக்கிற துயர மறையுண்மைகள். பத்து பத்து மணிகளாக ஐந்து தடவை உருட்டிச் சொல்ல இருபது நிமிடம் போதும். ஒரே மூச்சில் முடியாவிட்டால் ஒரு பிளவுஸுக்குப் பத்து மணிகள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

வாசிப்பதற்கு மாற்கு நற்செய்தியைச் சொல்வேன். 16 அதிகாரம், நான்கில் சிறியது இதுதான். நாளுக்கு அரை அதிகாரம் வைத்தாலும் பாடுகளின் பகுதிக்கு வந்து சேர்ந்துவிடலாம். வாசித்த பிறகு 51-ஆம் திருப்பாடலை மெதுவாகச் சொல்லுங்கள். தாவீது பிறன்மனையைத் தொட்டு, அவள் கணவனையும் கொல்லவைத்து, இறைவாக்கினர் நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்ன பிறகு பாடியதாகச் சொல்லப்படுவது அது. நம் பாவத்துக்குச் சாக்குச் சொல்லும் பழக்கம் அந்தப் பாட்டைத் தினமும் சொன்னால் குறையும்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக முடியாதவர்கள் 14 ஸ்தலத்தையும் வீட்டில் செய்யலாம். அன்பியத்தில், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கிற குழுவில், யாராவது வீட்டில் வைத்தால் அங்கே போங்கள், அக்கம்பக்கத்து முகம் தெரியும். தனியாகச் செய்தால், ஒவ்வொரு ஸ்தலத்திலும் ஒரு ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது ஸ்தலத்தில் சீரேனே ஊர் சீமோனைப் பிடித்துச் சிலுவையைத் தூக்கவைக்கிறார்கள். அவர் தானாக முன்வந்தவர் இல்லை, வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவர். அத்தையைத் தூக்கி உட்காரவைக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வருவதுண்டு. விருப்பப்பட்டுச் செய்தோமா இல்லையா என்பதைவிடத் தூக்கினோமா என்பதுதான் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. ‘எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி’ என்று முடிக்கும்போது அந்த ஆளையும் ‘எங்கள்’ என்பதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை செய்கிற இடம்

பைபிளில் எசாயா 58-ஆம் அதிகாரத்தைத் தொழில் செய்கிறவர்கள் எல்லோரும் தவக்காலத்தில் ஒருமுறை வாசிக்க வேண்டும். நாங்கள் நோன்பிருக்கிறோமே, நீர் ஏன் பார்க்கவில்லை என்று ஜனங்கள் கடவுளைக் கேட்கிறார்கள். நோன்பு நாளிலும் நீங்கள் உங்கள் ஆதாயத்தைத்தான் தேடுகிறீர்கள், உங்கள் வேலையாட்களை ஒடுக்குகிறீர்கள் என்று பதில் வருகிறது. கடை வைத்திருக்கிற எனக்கு இதைவிட நேராக யாரும் சொன்னதில்லை.

தையல் கடையில் இதன் அர்த்தம் என்ன? கைத்தையல் பிள்ளைகளுக்குப் பீஸ் கணக்குக் கூலியைச் சனிக்கிழமை சாயங்காலமே கொடுப்பது, திங்கள்கிழமை பார்க்கலாம் என்று இழுக்காமல். ‘நாளைக்கு வாங்கக்கா’ என்று வாடிக்கையாளரிடம் வாய்கூசாமல் சொல்கிற பொய்யை நிறுத்துவது. முடியாத தேதியைச் சொல்லாமல், முடிகிற தேதியை எழுதிக் கொடுப்பது. அப்புறம் வெட்டு மிச்சத் துணி. பிளவுஸ் துணியில் மிஞ்சுகிற துண்டு கொடுத்தவருடையது. சிலர் கேட்பார்கள், பலர் கேட்க மாட்டார்கள். தவக்காலத்தில் மிச்சத்தை மடித்து, தைத்த பிளவுஸுக்குள் வைத்தே கொடுத்துவிடுகிறேன். இயேசுவைச் சந்தித்த வரிவசூல்காரர் சக்கேயு, அபகரித்ததை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னார். நமக்கு ஒரு மடங்காவது வர வேண்டும். உங்கள் வேலையில் இந்தத் துண்டுத்துணிக்கு நிகரானது எது என்று உங்களுக்குத்தான் தெரியும்: எடைக்கல்லோ, ஓவர்டைம் கணக்கோ, அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வருகிற பேப்பரோ.

போனைப் பற்றி இரண்டு வரி. நெற்றிச் சாம்பலோடு செல்பி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அதே பூசையில், நோன்பிருக்கும்போது தலைக்கு எண்ணெய் தேய்த்து முகம் கழுவிக்கொள், யாருக்கும் தெரியவேண்டாம் என்று வாசித்திருப்பார்கள். ஸ்டேட்டஸை 40 நாளும் போடாமலும் பார்க்காமலும் இருந்து பாருங்கள்.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தை, ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்குத் தள்ளாதீர்கள். அப்போது வரிசை வாசல் வரை நிற்கும், சாமியாருக்கும் கேட்க நேரம் இருக்காது, நமக்கும் சொல்ல நேரம் இருக்காது. மூன்றாவது வாரத்தில் ஒரு வார நாள் பூசைக்கு அரைமணி முன்னால் போனால் நிதானமாகப் பேசலாம். பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் வீடு ஏதாவது இருந்தால், அதற்கு முன்னால் அங்கே போக வேண்டும். பழைய விவகாரத்தை எடுக்காதீர்கள். ‘மதினி, நல்லாயிருக்கீங்களா’ என்று கேட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தால் முதல் நாளைக்குப் போதும். டீ விட்டவர்களும் அன்றைக்குக் குடிக்கலாம்.

பெரிய வாரத்தில் ஆர்டர் எடுக்காதீர்கள். இது தையல்காரர்களுக்கு. பெரிய வியாழன் மதியத்தோடு கடையைப் பூட்டிவிட்டுப் பாதம் கழுவும் சடங்குக்கும் அதன் பிறகு ஆராதனைக்கும் போங்கள். புனித வெள்ளியன்று, இயேசுவின் பாடுகளை உருக்கமாகச் சொல்கிற வியாகுலப் பிரசங்கம் நடக்கிற ஊராக இருந்தால் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்காரவையுங்கள். அவர்கள் அதற்குத்தான் வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

இனி அந்த ஹார்லிக்ஸ் பாட்டில். குருத்தோலை ஞாயிறன்றே எண்ணிவிடுங்கள், ஈஸ்டர் வரை வைத்திருந்தால் பண்டிகைச் செலவு அதைத் தின்றுவிடும். பங்குக் கோயிலில், கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகசேவை அமைப்பான கேரித்தாஸ் இந்தியாவுக்கான தவக்கால உறை கொடுத்தால் அதில் ஒரு பங்கு போகட்டும். மீதியை முதல் நாள் நினைத்த வீட்டுக்கு. எனக்கு அது பெரும்பாலும் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்களின் வீடு. ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, கூலியும் இருக்காது. அந்த 61 நாள் முடிவதற்குள் பள்ளிக்கூடம் வேறு திறந்துவிடும், நோட்டும் சீருடையும் கேட்கும். 2027-இல் ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரத்திலேயே தடைக்காலம் வந்துவிடுகிறது. ஆகவே பணமாகக் கொடுப்பதில் பாதியை ஈஸ்டருக்கு முன்னாலும், மீதியை ஜூன் முதல் வாரத்திலும் கொடுங்கள். நேரில் போய்க் கொடுத்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தோன்றினால், பங்கில் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இருப்பார்கள், வீடு வீடாகப் போகிறவர்கள், அவர்களிடம் வீட்டைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். கவரின் மேல் உங்கள் பெயரை எழுத வேண்டாம். சீருடை தைத்துத் தருவதாக இருந்தால் அளவை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், ஜூனில் எந்தத் தையல்காரியும் உங்களுக்குத் தேதி தரமாட்டாள்.